குழாயைப் பார்த்து அனுமதி தருக

ஆசிரியருக்கு,

காலியாகக் கிடக்கும் அலுவலக மாடிகளைக் குடியிருப்புகளாக மாற்றலாம் என்ற யோசனை குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். வரவேற்கத்தக்கதே. தடுப்புச் சுவர் எழுப்புவது சுலபம். கையைக் கடிப்பது கழிவுநீர்க் குழாய்தான். அலுவலகத்துக்கு மூலையில் ஒரு பொதுக் கழிப்பறை போதும். நான்கு வீடாகப் பிரித்தால் நான்கு கழிப்பறை, நான்கு சமையலறை. 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி வாட்டம் (சரிவு) வேண்டும். மாடிக் கழிவுநீரைக் கீழே கொண்டுபோகும் செங்குத்தான இறங்கு குழாயிலிருந்து 20 அடி தள்ளிக் கழிப்பறை வைத்தால் வாட்டத்துக்கே 6 அங்குலம். குழாயின் விட்டமும் சேர, தரையை 10 அங்குலத்துக்கு மேல் உயர்த்த நேரும். இடையில் உள்ள அந்த வெற்றிடத்தைச் செங்கல் ஜல்லி கொட்டி நிரப்புகிறார்கள். கான்கிரீட் தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பெரும்பாலும் கணக்குப் பார்ப்பதில்லை. குழாயைத் தளத்துக்கு அடியில் தொங்கவிட்டாலோ, ஒழுகும்போது கீழ்க்கடைக்காரரோடு சண்டை.

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை, சந்திப்புப் பகுதிகளில் நான் பார்த்த வணிகக் கட்டடங்கள் பலவும் இருபுறமும் அண்டைச் சுவரை ஒட்டி எழும்பியவை. நடு அறைக்குச் சன்னலே கிடையாது. சித்திரை வெயிலில் அங்கே யார் படுப்பது? எனவே, கழிப்பறைகளை இருக்கும் இறங்கு குழாயை ஒட்டியே அமைக்கும் வரைபடத்தையும், தளத்தின் தாங்குதிறனுக்குக் கட்டமைப்புப் பொறியாளரின் சான்றையும் பெற்ற பிறகே மாநகராட்சி அனுமதி தர வேண்டும். வணிக மின் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றுவதையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்தால் அலைச்சல் மிச்சம்.

– கட்டடப் பொறியாளர் ஒருவர், பாளையங்கோட்டை