மரச்சப்பாத்து

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அப்படித்தான். மூத்தவன் மியூனிக்கில் வேலையாகிவிட்டான், சின்னவள் மட்டும் எங்களோடு. என் முழங்கால் இப்போது பரவாயில்லை, படியேற முடிகிறது. மற்றபடி எல்லாரும் சுகம்.

உன் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துச் செய்திதான். பக்கத்து ஊர்க் கழகத்தோடு இணைவதா வேண்டாமா என்று பொதுக்கூட்டத்தில் வாக்கெடுக்கப் போகிறார்கள், எந்தப் பக்கம் கை உயர்த்துவது என்று தெரியவில்லை என்கிறாய். சனிக்கிழமை விடியவே மைதானத்துக்குப் போய், கோடு போடும் வண்டியில் வெள்ளையைக் கரைத்து ஊற்றி, கயிறு கட்டி, புல் ஈரத்தில் சப்பாத்து நனைய நனைய நீ பின்னோக்கி நடப்பதை எழுதியிருந்தாயே, அதை இரண்டு தரம் வாசித்தேன். பத்து வருடம் இதைச் செய்தவனுக்கு அந்த வாக்கு எவ்வளவு பாரம் என்று எனக்கு விளங்குகிறது. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

1994 ஆவணி உனக்கு நினைவிருக்கும். நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்த காலம். ஓகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை. நான் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். அடுப்புக்கு மேலே தட்டில் சின்ன வானொலி. சமையற்காரர் பவேரியாவின் வடக்கே உள்ள பிராங்கோனியாக்காரர், அதிகம் பேசாத மனுசன். திடீரென்று கரண்டியை மேசையில் போட்டுவிட்டுக் கத்தினார். எனக்கு அப்போது ஜேர்மன் பாதிதான் விளங்கும். ஏதோ விபத்து என்று பயந்து ஈரக் கையோடு ஓடிப் போனேன். அவர் என் தோளைப் பிடித்துக் குலுக்கி, “கிரொய்த்! கிரொய்த்!” என்றார். யார் அந்தக் கிரொய்த் என்று கேட்டேன். ஒரு கிராமம் என்றார்.

அந்தக் கிராமத்தின் முழுப்பெயர் ஃபெஸ்டன்பெர்க்ஸ்கிரொய்த். நியூரம்பேர்க்குக்கு வடமேற்கே, எர்லாங்கன்-ஹோக்ஸ்டட் மாவட்டத்தில். சட்டப்படி அது ‘மார்க்ட்’, அதாவது சந்தை உரிமை பெற்ற சிற்றூர். ஆனால் மொத்தச் சனம் 1,500 அளவுதான். அந்த ஊரின் டிஎஸ்வி கழகம் அன்று முந்திய பருவத்தின் சாம்பியன் பயேர்ன் மியூனிக்கை 1–0 என்று வென்று, ஜேர்மன் கிண்ணத்தின் முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இடைவேளைக்குச் சற்று முன்னர் ரோலாண்ட் ஸ்டைன் தலையால் அடித்த ஒரே கோல். இத்தாலியிலிருந்து வந்த டிரபட்டோனி பயேர்னின் புதிய பயிற்சியாளர். கோல்காப்பாளர் ஒலிவர் கான் அந்தக் கோடையில்தான் கார்ல்ஸ்ரூவேயிலிருந்து வந்திருந்தார். மத்தேயஸ், பாப்பின் போன்ற நட்சத்திர வீரர்கள் எல்லாரும் அந்தக் கழகத்தின் பட்டியலில் இருந்த காலம். அதிலும் மத்தேயஸ் அந்தப் பக்கத்துப் பிள்ளை. எர்லாங்கனில் பிறந்து ஹெர்ட்சோகனவுராக்கில் வளர்ந்தவர்.

நீ அப்போது கேட்டாய், நான் மறக்கவில்லை: “சின்ன ஊர் எப்படி இவ்வளவு பெரிய கழகத்தோடு விளையாடும்?” அன்று எனக்கு மறுமொழி தெரியவில்லை. கிண்ணப் போட்டியின் விதி அப்படி. லீக்கில் ஒவ்வொரு படியாக ஏறவேண்டும். கிண்ணத்தில் குலுக்கலில் பெயர் விழுந்தால் போதும், யாரும் யாரோடும் மோதலாம். அமெச்சூர் கழகத்துக்குத் தொழில்முறைக் கழகம் எதிரியாக விழுந்தால், ஆட்டம் சின்னவன் மண்ணில் நடக்கும். கிரொய்த்தின் மைதானத்தில் பயேர்னைப் பார்க்க வரும் கூட்டத்துக்கு இடமில்லை என்பதால் நியூரம்பேர்க்கின் பெரிய அரங்குக்கு மாற்றினார்கள். 24,200 பேர் வந்தார்களாம். ஊர்ச் சனத்தைப் போலப் பதினாறு மடங்கு!

அவர்கள் முதல் ஆட்களும் இல்லை. 1974-இல் கிரைஷ்கௌ பகுதியில் எப்பிங்கன் என்ற சிறு நகரத்தின் விஎஃப்பி கழகம் ஹம்பேர்க்கை 2–1 என்று வென்றது. ஹம்பேர்க் அதற்கு முந்திய பருவத்தின் இறுதியாட்டம் வரை போன அணி. ஜேர்மனியின் முதல் தர லீக்கான பூண்டஸ்லிகாவின் அணி ஒன்றைக் கிண்ணத்திலிருந்து வெளியேற்றிய முதல் அமெச்சூர் கழகம் எப்பிங்கன்தான். 1990-இல் வைன்ஹைம் என்ற இன்னொரு அமெச்சூர் கழகம் பயேர்னை ஒரு பெனால்டியால் வென்றது. ஆனால் கிரொய்த்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். வெற்றியைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் காரணம்.

கதையை முன்னாலிருந்து சொல்கிறேன். அந்தக் கழகம் தொடங்கியதே 1974-இல்தான். நூறு வருடப் பழமை, தாத்தா விளையாடியது, ஒன்றும் இல்லை. ஊரில் இருந்த பெரிய பலம் ஒன்றே ஒன்று: மார்ட்டின் பவுவர் என்ற மூலிகைத் தேநீர் நிறுவனம். 1930-இல் தொடங்கியது. அந்தப் பக்கத்தில் மருந்துச் செடி வளர்ப்பது பழைய தொழில். நிறுவனத்தின் நிர்வாகி ஹெல்முட் ஹாக் உதைபந்தாட்டத்தில் உயிரை வைத்திருந்தவர். அடிமட்ட லீக்கில் தொடங்கிய கழகம் படிப்படியாக ஏறி 1987-இல் பவேரியாவின் உச்ச லீக்குக்கு வந்தது. 13 வருடம். 1994-இல் அன்றைய மூன்றாம் தரமான ரெகியோனால்லிகா புதிதாக உருவானபோது அதிலும் இடம் கிடைத்தது. பயேர்னை வென்ற பிறகு கிண்ணத்தில் இன்னும் ஒரு சுற்றுத் தாண்டி, வொல்ஃப்ஸ்பேர்க்கிடம் தோற்றார்கள். அந்த வொல்ஃப்ஸ்பேர்க் அவ்வருடம் இறுதியாட்டம் வரை போனது.

பத்து வருடத்துக்கு முன் வேலையாக ஏ3 நெடுஞ்சாலையில் போனபோது, அந்த ஊரைப் பார்க்கவேண்டும் என்று இறங்கினேன். புரட்டாதி மாதம். மீன்குளங்கள் இரண்டு பக்கமும் மின்னிக்கொண்டிருந்தன. அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கெண்டை மீன் வளர்ப்புத்தான். ஜேர்மன் பெயரில் ‘ர்’ வருகிற மாதங்களில்தான் கெண்டை சாப்பிடுவார்கள், செப்டெம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஊருக்குள் வந்து கண்ணாடியை இறக்கினேன். மணம் உள்ளே வந்தது. மிளகுக்கீரைத் தேநீர், காமோமில், இன்னும் ஏதோ காய்ந்த இலை, எல்லாம் கலந்த மணம். ஆஸ்பத்திரி வாசலில் தாதி கொண்டுவந்து வைக்கிற சூடான கோப்பை நினைவுக்கு வந்தது. தெருவில் ஆளில்லை. ஒரு முதியவர் வேலிச் செடியை வெட்டிக்கொண்டிருந்தார். மைதானம் எங்கே என்று கேட்டேன். கத்தரியை இறக்கிவிட்டு, “பயேர்னுக்காகவா?” என்றார். இருபது வருடம் கழித்து, வெளியூரிலிருந்து வந்த ஒரு கறுத்த மனுசன் மைதானம் கேட்டால் அதற்காகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என்னோடு கூடவே நடந்து வந்து காட்டினார்.

சரி, இணைப்புக்கு வருகிறேன். உனக்கு இதுதான் முக்கியம்.

பயேர்னை வென்று இரண்டு வருடம் கூட ஆகவில்லை. 1996 யூலை 1-ஆம் திகதி கிரொய்த்தின் உதைபந்தாட்டப் பிரிவு 40 கிலோமீட்டர் அளவு தள்ளியிருக்கும் ஃபியூர்த் நகரக் கழகத்தோடு சேர்ந்துவிட்டது. ஃபியூர்த் சாதாரணக் கழகம் இல்லை. 1903-இல் தொடங்கி 1914, 1926, 1929 என்று மூன்று தரம் ஜேர்மன் சாம்பியன். ஆனால் 1996-இல் அவர்களும் மூன்றாம் தரத்தில், பணத்துக்குத் தவித்துக்கொண்டு. கிரொய்த்திடம் பணமும் ஒழுங்கான நிர்வாகமும் இருந்தன. சனமும் அரங்கும் இல்லை. ஃபியூர்த்திடம் பெயர், சனம், ரோன்ஹோஃப் அரங்கு. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம். புதிய பெயர்: கிரொய்தர் ஃபியூர்த். ஹாக் தலைவரானார், 2018 வரை இருந்தார்.

கணக்கைப் பார்த்தால் இணைப்பு வென்றது என்றுதான் சொல்லவேண்டும். அடுத்த வருடமே, 1997-இல், இரண்டாம் பூண்டஸ்லிகா. 2012-இல் அந்த லீக்கின் சாம்பியனாகி முதன்முதலில் பூண்டஸ்லிகா. அந்தப் பருவத்தில் சொந்த அரங்கில் ஒரு ஆட்டமும் வெல்லாமல் இறங்கினார்கள், பூண்டஸ்லிகாவில் அதுவரை யாருக்கும் நடக்காத ஒன்று. ஆனாலும் ஏறினார்கள். 2021-இல் மறுபடியும் ஏறினார்கள். 1,500 பேர் இருக்கும் ஊரால் தனியே இதைச் செய்திருக்க முடியாது. மறுக்க மாட்டேன்.

ஆனால் சின்னத்தைப் பார், மச்சான். ஃபியூர்த்தின் அடையாளம் பச்சை நிற மூன்றிலைக் குளோவர், புல்வெளியில் வளரும் ஒரு சின்னச் செடியின் இலை. இணைந்தபோது புதிய சின்னத்தில் கிரொய்த்துக்காக ஒரு மரச்சப்பாத்தையும் வைத்தார்கள். ஈர நிலத்தில் வேலை செய்கிற கிராமத்துச் சனம் போட்ட மரச்சப்பாத்து. 2017-இல் சின்னத்தை மாற்றி, பழையபடி குளோவரை மட்டும் நடுவில் வைத்தார்கள். மரச்சப்பாத்து போய்விட்டது. ஃபியூர்த் ரசிகர்களில் யாரையும் நான் குறை சொல்லவில்லை. தங்கள் அப்பாமார் அணிந்த குளோவரை அவர்கள் திரும்பக் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கிரொய்த் பக்கத்தில் அதைத் தடுத்து நிற்க ஒரு கூட்டம் இருக்கவில்லை, அவ்வளவுதான். இருபத்தொரு வருடத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகள் வேறொரு நகரத்தின் அணிக்குப் பார்வையாளர்களாகிவிட்டார்கள். இப்போது எஞ்சியது பெயரின் முன்பாதியில் உள்ள ‘கிரொய்தர்’ மட்டும். அதையும் ஃபியூர்த் மைதானத்தில் பாதிப் பேர் உச்சரிப்பதில்லை, வெறும் ‘ஃபியூர்த்’ என்றுதான் கத்துவார்கள். நான் போய் நின்று கேட்டிருக்கிறேன்.

அதனால் உன் கூட்டத்தில் முதலில் ஒரு கேள்வியைக் கேள்: நாங்கள் ஏன் இணைகிறோம்? மேல் லீக்குக்குப் போகவா, அல்லது பதினொரு பேர் சேராததாலா? உன் கடிதத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான். பதின்ம வயதுப் பெடியன்கள் குறைவு, பதினேழு வயதானதும் நகரத்துக்குப் போகிறார்கள். அப்படியென்றால் கழகத்தையே கலைத்து ஒன்றாக்கவேண்டிய தேவை இல்லை. ‘ஸ்பீல்கெமைன்ஷாஃப்ட்’ என்று ஒரு வழி இருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்கும். இரண்டு கழகமும் தனித்தனியே பதிவில் இருக்கும், அணியை மட்டும் சேர்த்து இறக்கலாம். உறுப்பினர் பட்டியல், பணப்பெட்டி, மைதானம், கழகவீடு எல்லாம் அவரவருடையது. ஒத்துவராவிட்டால் பிரிந்துகொள்ளலாம். முழு இணைப்பில் திரும்பி வர வழியில்லை. கலைத்த கழகத்தை மறுபடி தொடங்க ஏழு பேர் கையெழுத்து வைத்துப் பதிவு செய்யலாம்தான், சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது. ஆனால் சனிக்கிழமை விடியக் கோடு போட வருகிறவனைப் பதிவேட்டில் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று. இணைவது என்றே முடிவானால், பிள்ளைகளின் பயிற்சி உங்கள் மைதானத்திலும் நடக்கவேண்டும் என்று எழுத்தில் வாங்கு. வாய்ப்பேச்சில் வேண்டாம். பெரியவர்களின் முதல் அணி எங்கே விளையாடினாலும் பரவாயில்லை. ஆறு வயதுப் பிள்ளை சைக்கிளில் வரக்கூடிய தூரத்தில் புல்லும் வலையும் இருக்கவேண்டும். கிரொய்த் போனபோது அந்த முதியவரிடம் நான் கேட்டது இதைத்தான், இப்போது பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று. அவர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “என் பேரன் கைப்பந்து விளையாடுகிறான்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை. ஒரு ஊரின் நிலைமையை ஒரு பேரனை வைத்து முடிவு செய்யக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் என்னோடே வந்துவிட்டது.

உங்கள் பொருளாளர் பெண்மணி இணைப்பை ஆதரிக்கிறார் என்று கொஞ்சம் கோபமாக எழுதியிருந்தாய். கோபப்படாதே. கழகவீட்டின் கூரை ஒழுகுகிறது, வாடகை கட்டவேண்டும், கணக்கு அவர் கையில்தான் இருக்கிறது. கூட்டத்துக்கு முன்னால் ஒரு மாலை அவரோடு இருந்து கணக்குப் புத்தகத்தைப் பார். கிரொய்த்தில் கூட 1994-இன் பின்னால் நின்றது ஸ்டைனின் தலை மட்டுமில்லை, யாரோ ஒருவர் இரவிரவாகக் கணக்குப் பார்த்ததும்தான். கூரைக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்கும் எழுது. நானும் கொஞ்சம் அனுப்புகிறேன். உறுப்பினர் படிவம் ஒன்றும் அனுப்பு, தூரத்தில் இருந்தாலும் சேரலாம்தானே?

கெண்டை மீன் காலம் தொடங்கிவிட்டது. இங்கே பாதி மீனை மாவில் புரட்டி, முழுச் செட்டையோடு மொறுமொறுவென்று பொரித்து, உருளைக்கிழங்கு சாலட்டோடு தருவார்கள். உனக்குப் பிடிக்கும், முள் அதிகம் என்றாலும் நீ முள்ளுக்குப் பயந்தவன் இல்லை. நத்தார் விடுமுறைக்கு முன்னால் இரண்டு பேரும் வாருங்கள். ஒரு நாள் காரில் போய்க் கிரொய்த்தைக் காட்டுகிறேன். வாக்கெடுப்பு முடிந்த அன்றிரவே எனக்கு ஒரு அழைப்பு எடு, எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, முழித்திருப்பேன்.

அக்காவுக்கும் மகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்