மாரிக்கு ஹோட்டல்களும் சும்மா, ஆண்களும் சும்மா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் திருகோணமலை மாவட்டத்தின் குடிப்பழக்கம் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். எழுதியவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் காட்டிய வழி சாராயக் கடைகளைக் குறைப்பதும் பொலிஸ் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் பிடிப்பதும் மட்டும்தான். அடுப்பை எரியவிட்டுவிட்டு மூடியை அழுத்திப் பிடிக்கிற வேலை அது. நான் சமையற்காரன், எனக்கு அப்படித்தான் சொல்ல வரும். குடிக்கிற மனுசனுக்கு உள்ளே என்ன நடக்கிறது, அவன் எங்கே போய் ஆறுவான் என்று ஒரு வரி கூட அதில் இல்லை.

நான் பிறந்தது சம்பூர். 2006இல் யுத்தத்தால் ஊரோடு வெளிக்கிட்டு, கொஞ்சக் காலம் மட்டக்களப்புப் பக்கம், அப்புறம் கிளிவெட்டி முகாம். இப்போது வீடு அலஸ்தோட்டத்தில், வேலை நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல் குசினியில். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கடல் அமைதியாகக் கிடக்கும், வெளிநாட்டுக்காரர் வருவார்கள். அவர்களில் சில கூட்டங்கள் ஆண்கள் மட்டும். புறாமலைத் தீவுக்கு வள்ளம் கேட்க மாட்டார்கள், பியர் கேட்க மாட்டார்கள். வந்த உடனே போன்களை ஒரு கூடையில் போட்டு ஒப்படைத்துவிடுவார்கள். விடிய முன்னம் கரையில் இருந்து மூச்சுப் பயிற்சி, பிறகு கடலில் ஒரு முழுக்கு, பிறகு வட்டமாக இருந்து கதை. ஒருவர் கதைக்கும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லவும் கூடாது. ரிட்ரீட் என்கிறார்கள். எங்கள் கத்தோலிக்கச் சனத்துக்கு இது ஒன்றும் புதிதில்லை, தியானம் என்று எவ்வளவோ காலமாகப் போய் வருகிறார்கள்.

குசினியில் நாங்கள் இதை முதலில் வேடிக்கையாகத்தான் பார்த்தோம். வளர்ந்த ஆம்பிளைகள் காசைக் கொட்டி அழ வந்திருக்கிறார்கள் என்று பாத்திரம் கழுவுகிற பெடியன் சிரிப்பான். ஆனால் சமையற்காரனுக்கு ஆட்களைக் காட்டிக்கொடுப்பது அவர்கள் சாப்பிட்ட கோப்பை. முதல் இரவு கோப்பைகள் பாதிச் சோற்றோடு திரும்பி வரும். பருப்பைக் கிளறிவிட்டு அப்படியே வைத்திருப்பார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் பலாக்காய்க் கறிச்சட்டியில் அடி தெரியும், இரண்டாந்தரம் சோறு கேட்டு ஆள் வரும். முதல் இரவு விறாந்தையில் அங்கும் இங்கும் நடந்த மனுசனைக் கடைசி நாள் காலை கதவில் தட்டி எழுப்பினால்தான் உண்டு. ஒரு கூட்டத்தில் இல்லை, வருகிற கூட்டமெல்லாம் ஏறக்குறைய இதே கதை.

இது ஏன் என்று மகளிடம் கேட்டேன், அவள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். புத்தகத்தை விரித்துக் காட்டினாள். நாங்கள் சொல்லாமலே உடம்பை நடத்துகிற தன்னாட்சி நரம்புத் தொகுதி என்று ஒன்று. அதில் பரிவு நரம்புகள் ஆபத்து என்று கண்டால் உடம்பை முடுக்கிவிடும்: நெஞ்சு அடிக்கும், கண்மணி விரியும், இரத்தம் கைகால் தசைக்கு ஓடும், சமிபாடு பின்னுக்குப் போகும். பரபரிவு நரம்புகள் அதைத் தணிக்கும். வாயில் எச்சில் ஊறுவதும் குடல் ஒழுங்காக வேலை செய்வதும் அதனால்தான். இதில் பெரிய பங்கு வேகஸ் என்ற நரம்புக்கு. மண்டையோட்டு நரம்புகளில் பத்தாவது, கழுத்தால் இறங்கி நெஞ்சைத் தாண்டி வயிறு வரை போகிறது. மூச்சை உள்ளே எடுக்கும்போது இதயம் சற்று விரைகிறது, வெளியே விடும்போது தணிகிறது. அதனால்தான் மூச்சை ஆறுதலாக நீட்டி விடச் சொல்கிறார்கள். கோப்பையில் மிஞ்சிய சோற்றுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

ஷெல்லுக்கு முடுக்கின உடம்பு, ஷெல் நின்று இத்தனை வருசமாகியும் இறங்காமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். திருவிழாவில் வெடி கொளுத்தினால் கோயில் மதிலோடு ஒட்டிக்கொள்கிற ஒருவர் இருக்கிறார், பேரப்பிள்ளை கண்டவர். கதவுப் பக்கம் முதுகு காட்டி இருக்க மாட்டாத ஓட்டோக்காரர் இருக்கிறார். பிள்ளை கையிலிருந்து கிளாஸ் விழுந்தால் உடனே கை நீளுகிற தகப்பன்மார் எத்தனையோ பேர். கை நீட்டுவதற்கு இது சாட்டு இல்லை. ஆனால் இதைக் கவனிக்காமல் அவர்களைத் திருத்தப் போகிறோம் என்பது நடக்கிற காரியமும் இல்லை. இவர்கள் வைத்தியரிடம் போக மாட்டார்கள். “எனக்கென்ன விசரா?” என்பார்கள். ஒரு காற்போத்தல் சாராயம் உள்ளே போனால் உடம்பு இறங்கும், நித்திரை வரும். அவர்களுக்குத் தெரிந்த மருந்து அது. இந்த நாட்டில் தற்கொலையால் இறப்பவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் ஆண்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இருந்த பயங்கரமான நிலை, கொடிய பூச்சிநாசினிகளைத் தடைசெய்த பிறகு வெகுவாகக் குறைந்தது, அது நல்ல வேலை. ஆனால் மனுசன் தன் பாரத்தை இறக்கி வைக்கிற இடம் இன்னும் தவறணைதான்.

வெள்ளைக்காரன் ரிட்ரீட் நமக்கு எதற்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2001இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை ஒன்றில் இத்தாலிய ஆய்வாளர்களின் கட்டுரை வந்தது. ஆட்களைச் செபமாலையும் யோக மந்திரமும் சொல்லவைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்குத் தானாகவே இறங்கி, இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் அதே தாளத்துக்கு வந்திருக்கிறது. 2011இல் இன்னொரு ஆய்வு, ஸ்பெயினில் ஒரு கிராமத்துத் தீமிதிப்பில். தீயில் நடக்கிறவரின் இதயத் துடிப்பும், அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அவருடைய உறவினர், கூட்டாளிமாரின் துடிப்பும் ஒரே போக்கில் ஏறி இறங்கியதாம். சும்மா பார்க்க வந்த அந்நியருக்கு அப்படி இல்லை. தீமிதிப்பைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் யுத்த காலத்திலேயே மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், அவரவர் சமயத்துக்கேற்ற செபம், முஸ்லிம்கள் இறைவனை நினைந்து ஓதுகிற திக்ர், மந்திரம் என்று நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு எங்கள் ஊரால், வெருகலால் நடந்து போகிற பாதயாத்திரையும் இதே வகைதான். கோயில் மண்டபத்தில் படுக்கை, கிடைக்கிற சாப்பாடு, நாள் முழுக்கப் பக்கத்தில் ஒருவர் நடக்கிறார். மாரியில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களைப் பாருங்கள். 41 நாளும் தண்ணி தொடாமல், ஒரு குருசாமிக்குக் கீழே, ஒருவரையொருவர் சாமி என்று கூப்பிட்டுக்கொண்டு என்ன அமைதியாக இருக்கிறார்கள்! மாலை கழற்றின கிழமையே சிலர் பழைய இடத்துக்குப் போய்விடுகிறார்கள், அது வேறு. விரதம் முடிந்ததோடு கூட்டமும் கலைந்துவிடுகிறது, அதுதான் கோளாறு என்று நான் நினைக்கிறேன்.

போன மாரியில் எங்கள் முதலாளி மண்டபத்தையும் சில அறைகளையும் ஒரு வார இறுதிக்குச் சும்மா தந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் உளவளத்துணை (கவுன்சிலிங்) படித்த ஒரு தம்பியும் முன்னின்று செய்தார்கள். வந்தவர்கள் கடற்றொழிலாளர், ஓட்டோக்காரர், ஒரு மேசன், கிண்ணியாவிலிருந்து சில முஸ்லிம் சகோதரர்கள். வெள்ளி பின்னேரம் அந்தத் தம்பி எல்லாரையும் வட்டமாக இருத்தினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார், ஒருவர் தன் கால்விரலைப் பார்த்தார். மூச்சுப் பயிற்சியில் பின்வரிசை சிரித்தது. இரண்டு பேர் இரவோடு இரவாகக் கழன்றுவிட்டார்கள், எங்கே போயிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

சனி காலை ஒரு பெட்டி நெத்தலி வந்தது. எனக்குக் கை உதவிக்கு ஆள் இல்லை. நாலைந்து பேரைக் குசினிப் பின்பக்கம் கூப்பிட்டுப் பலகைக்கட்டை போட்டு இருத்தினேன். நெத்தலி ஆய்வது தெரியும்தானே, தலையைக் கிள்ளினால் குடலும் சேர்ந்து வரும், தண்ணீரில் போட வேண்டியதுதான். கண் கையில் இருக்கும், யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர், நெத்தலிக்குச் சொல்வது போல, மனைவியின் தாலிக்கொடியை எஞ்சின் திருத்த அடகு வைத்ததையும், அது ஏலத்தில் போனதையும், இன்னும் பாங்கில் இருக்கிறது என்று வீட்டில் சொல்லி வருவதையும் சொன்னார். கலியாண வீடுகளுக்கு ஏன் போக மாட்டேன் என்கிறேன் என்று மனைவிக்கு விளங்குவதில்லை என்றார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கையும் நிற்கவில்லை. பிறகு பக்கத்தில் இருந்தவர், “என்ர மனுசியின்ரயும் போட்டுது” என்றார். அவ்வளவுதான், இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே முதலாமவர் தோளால் கண்ணைத் துடைத்தார், கையில் மீன் என்பதால். (அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். வீட்டிலும் இப்போது தெரியும்.)

அன்று பின்னேரம் வட்டத்தில் கதை தானாக வந்தது. முந்தின இரவு சிரித்த ஆட்களே மூச்சுப் பயிற்சியில் கண்ணை மூடி இருந்தார்கள். உளவளத்துணைத் தம்பி சொன்ன ஒரு விசயம் எனக்குப் பிடித்துக்கொண்டது: பதற்றத்தில் இருக்கிற உடம்பு புத்திமதியால் இறங்குவதைவிட, பக்கத்தில் பதறாமல் இருக்கிற இன்னொரு உடம்பால் சுலபமாக இறங்கும். அழுகிற பிள்ளையைத் தாய் தூக்கினால் அடங்குவதும் இதனால்தானாம். பெரிய ஆம்பிளைக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

போய் வந்தவர்களில் இவர் குடியை விட்டார், அவர் திருந்தினார் என்று எழுதினால் அது விளம்பரம். குறைத்தவர் உண்டு, அடுத்த கிழமையே பழையபடி போனவரும் உண்டு. ஆனால் அவர்கள் ஒருவருக்கொருவர் போன் எடுக்கிறார்கள். வள்ளம் விலைப்பட்டதற்கும் மகளின் பரீட்சைக்கும் எடுக்கிறார்கள், சில நேரம் இரவு பத்து மணிக்குக் காரணம் இல்லாமலும் எடுக்கிறார்கள்.

பயமும் எனக்கு உண்டு. சுனாமிக்குப் பிறகு, அப்போது நாங்கள் இருந்த முகாமுக்கு வந்த ஒரு குழு எங்களை வரிசையாக இருத்தி, யார் யாரை இழந்தீர்கள், எப்படி என்று ஒரே இருப்பில் சொல்லவைத்து எழுதிக்கொண்டு போனது. திரும்பி வரவே இல்லை. அன்று இரவு முகாமில் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. பேரழிவு நடந்த கையோடு அப்படிச் சொல்லவைப்பதை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. ஆகவே யாரையும் வற்புறுத்தக் கூடாது. கதைக்காமல் நெத்தலி மட்டும் ஆய்ந்துவிட்டுப் போனாலும் சரி. மூச்சை வேகவேகமாக இழுத்து விடச் சொல்லித் தலைசுற்ற வைக்கிற ஆட்களும், வட்ஸ்அப்பில் ஹீலிங் விற்கிற ஆட்களும் கிட்ட வரக் கூடாது. மாத்திரை எடுப்பவர் அதை நிறுத்தக் கூடாது. சாக வேண்டும் போல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது வட்டத்தில் தீர்க்கிற விசயம் இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் எந்த நேரமும் வேலை செய்கிறது.

பெண்களுக்கு இல்லையா என்று கேட்பீர்கள். அவர்கள் சுமப்பது இதைவிடக் கூட. ஆனால் மாதர் சங்கம், குழுக் கூட்டம் என்று அவர்கள் கூடிக் கதைக்க ஒரு இடமாவது இருக்கிறது. அவர்களுக்கு ஒதுக்கிய சதத்தில் கை வைக்காமல்தான் இதைச் செய்ய வேண்டும்.

செய்யலாம் என்றுதான் சொல்கிறேன். கார்த்திகை தொடங்கித் தை வரை கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையில் கிடக்கும், கையில் காசும் இராது, வேலையும் இராது, அப்போதுதான் குடி கூடும். அதே மாதங்களில் அலஸ்தோட்டத்திலிருந்து நிலாவெளி வரை ஹோட்டல் அறைகள் பூட்டிக் கிடக்கின்றன, படுக்கை விரிப்பில் பூஞ்சணம் பிடிக்கிறது. ஒரு ஹோட்டல் ஒரு மாரிக்கு ஒரு வார இறுதி தந்தால் போதும். கடற்றொழிலாளர் சங்கங்கள் ஆட்களைச் சேர்க்கட்டும், பிரதேச செயலகத்தில் இருக்கிற உளவளத்துணை உத்தியோகத்தர் வந்து நிற்கட்டும். அதற்குப் பிறகு போயா என்கிற ஒவ்வொரு பௌர்ணமி நாளிலும் அதே ஆட்கள் பின்னேரம் கூட வேண்டும். அன்று லீவு, சாராயக் கடைகளும் பூட்டு, ஆட்கள் வருவார்கள்.

சமையலுக்கு என்னைக் கூப்பிடலாம், கூலி வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: மீன் ஆய்வதும் தேங்காய் துருவுவதும் கோப்பை கழுவுவதும் வருகிறவர்களே செய்ய வேண்டும், ஹோட்டல் பெடியன்களிடம் விடக் கூடாது.

இப்படிக்கு,
சமையற்காரன் ஒருவன்,
அலஸ்தோட்டம், திருகோணமலை.