சங்கு சுட்டால்

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "எல்லாரும் இது என்னைப் பக்குவப்படுத்தும்னு சொல்றாங்கப்பா. எனக்குக் கோபம்தான் கூடியிருக்கு. பக்கத்துல யாராவது சிரிச்சாக்கூட எரிச்சலா வருது" என்றாய். பதில் சொல்ல வாயெடுத்தேன். "எல்லாம் நன்மைக்கே" என்றுதான் வந்திருக்கும். நல்லவேளை, லைன் கட்டாகிவிட்டது. நீயே கட் செய்தாயோ என்னவோ, கேட்க மாட்டேன்.

பேசினால் உளறுவேன் என்று எழுதுகிறேன்.

அந்த வீட்டை விட்டு நீ வெளியே வந்து பதினாலு மாதம் ஆகிறது. அடிபட்டவர்களைப் பார்த்தால் நம் ஆட்கள் கையோடு எடுத்து நீட்டும் குறள் ஒன்று உண்டு. உனக்கும் யாராவது நீட்டியிருப்பார்கள்.

சுடச்சுடரும் பொன்போல் ஒளிவிடும் துன்பஞ்
சுடச்சுட நோற்கிற் பவர்க்கு.

நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், சாவு வீட்டில்கூட. போன வாரம்தான் புத்தகத்தை எடுத்து அது எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். தவம் என்ற அதிகாரத்தில் இருக்கிறது. கடைசிச் சொல் 'நோற்கிற்பவர்க்கு'. தானாக விரும்பி நோன்பை ஏற்றுக்கொண்டவனைப் பற்றி வள்ளுவர் பேசுகிறார். கேட்காமல் தலையில் வந்து விழுந்ததைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருஷமாக அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூதுரையில் இன்னொன்று உண்டு. 'சங்கு சுட்டாலும் வெண்மை தரும்'. கெட்டாலும் மேன்மக்கள் மேன்மக்களே என்பதற்கு ஔவை காட்டும் உவமை. அழகான வரிதான். ஆனால் சங்கைச் சுட்டால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பார். சுண்ணாம்பு. வெண்மை அப்படியே இருக்கும், சங்கு இருக்காது. தண்ணீர் பட்டால் கொதித்துப் பொடிந்துபோகும். எடுத்து ஊத முடியாது. கஷ்டத்திலும் நல்லவராகவே இருந்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களை நினைக்கும்போதெல்லாம் இப்போது இதுதான் மனசில் வருகிறது. வெள்ளையாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் முன்பு அவர்களிடமிருந்து வந்த அந்தச் சத்தம் இல்லை.

கல்லூரி நாளில் நீ தஸ்தயேவ்ஸ்கி பைத்தியமாக இருந்தாய். துன்பம் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அவரைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். 1849 டிசம்பர் 22, பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி. பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு மைதானம், கடுங்குளிர். மரண தண்டனையைப் படித்துக் காட்டி, வெள்ளை அங்கி போர்த்தி, முதல் மூன்று பேரைக் கம்பத்தில் கட்டுகிறார்கள். அடுத்த மூவரில் இவர் ஒருவர், வயது 28. துப்பாக்கிகள் குறிபார்த்த பிறகு முரசு ஒலிக்கிறது. மன்னர் உயிர்ப்பிச்சை கொடுத்துவிட்டார் என்கிறார்கள். எல்லாமே முன்பே திட்டமிட்ட நாடகம். அன்றைக்கே அண்ணனுக்கு, வாழ்க்கை ஒரு கொடை என்று கடிதம் எழுதுகிறார். பிறகு ஓம்ஸ்க் சிறையில் காலில் விலங்கோடு நான்கு வருடம், அதற்கப்புறம் அந்த நாவல்கள்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். கம்பத்தில் கட்டப்பட்ட மூவரில் ஒருவர் பெயர் கிரிகோரியெவ். அவிழ்த்துவிட்டபோது அவருக்குப் புத்தி பேதலித்துப் போயிருந்தது. அப்புறம் தெளியவே இல்லை. அதே காலை, அதே குளிர், அதே துப்பாக்கிகள். அவரை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. தஸ்தயேவ்ஸ்கியும் அங்கிருந்து ஞானியாகத் திரும்பிவிடவில்லை. 1871 வரை சூதாடினார். இரண்டாம் மனைவியின் திருமண மோதிரம்வரை அடகுக்குப் போனது.

இதே கேள்வியில், சிறைமுகாமில் கிடந்து வந்த இரண்டு ரஷ்ய எழுத்தாளர்கள் நேருக்கு நேர் நிற்கிறார்கள். சோல்ஜெனித்சின், 'சிறையே, என் வாழ்வில் நீ வந்ததற்கு வாழ்த்து' என்ற பொருளில் எழுதினார். நேர்மையான மனிதர், உடனே அடைப்புக்குறிக்குள் கல்லறைகளிலிருந்து ஒரு பதிலையும் சேர்த்தார்: நீ உயிரோடு திரும்பியவன், உனக்கென்ன, சொல்லலாம். ஷலாமவ் அந்த வாழ்த்தைக்கூடச் சொல்லவில்லை. 1937 முதல் 1953 வரை, சோவியத் முகாம்கள் இருந்த கொலிமாவில் கழித்தவர். முகாமிலிருந்து மனிதன் கற்றுக்கொள்ள நல்லது ஒன்றுமே இல்லை, முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அது கெடுக்கத்தான் செய்யும் என்றார். கஷ்டத்தில் நட்பு பிறந்தது என்றால் அந்தக் கஷ்டம் முழுக் கஷ்டம் இல்லை என்றும் ஒரு கதையில் எழுதுகிறார். படித்த அன்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இப்போது இந்த இருவரில் அவரைத்தான் கூடுதலாக நம்புகிறேன்.

கோபம் கூடியிருக்கிறது என்றாயே. கண்ணகியைப் பார். கோவலன் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வீடு திரும்பியபோது 'சிலம்பு உள, கொண்ம்' என்று கொடுத்தவள். கூடை நிறையக் குறைகள் இருந்திருக்க வேண்டும், ஒன்றையும் கொட்டவில்லை. அவளேதான் அரசன் முன்னால் நின்று 'தேரா மன்னா' என்கிறாள். துயரம் அவளை மாற்றிவிட்டதா, இல்லை அதுவரை அடக்கி வைத்திருந்தது வாய் திறந்ததா? இளங்கோ விளக்கவில்லை. உன் கோபமும் புதுசு என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டில் ஆறு வருஷம் நீ சிரித்துக்கொண்டே இருந்ததுதான் எனக்கு விசித்திரமாகப் பட்டது. அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். சுற்றிச் சுற்றி ரஷ்யாவுக்குப் போவதே இதைத் தள்ளிப்போடத்தான்.

நான் வேலை இல்லாமல் இருந்த இரண்டு வருஷம் உனக்கு மங்கலாக நினைவிருக்கும். அது என்னை இளக்கியது, மற்றவர் கஷ்டம் புரிகிறவனாக ஆக்கியது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்கு மறுபடி வேலை கிடைத்த பிறகு, உனக்கு ஒன்பது வயதில், ஒரு சாயங்காலம் அழுதுகொண்டே வந்தாய். தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. உன் சிநேகிதி ஒருத்தி உன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், மற்றவர்களையும் பேச விடவில்லை. நான் பேப்பரிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "இதெல்லாம் ஒரு கஷ்டமா? நான் பட்டதுல கால்வாசி நீ பட்டிருப்பியா?" என்றேன். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு "சரிப்பா" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ என்னிடம் அழுததே இல்லை.

2015-இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிச் சமீபத்தில் படித்தேன். வேலை தேடித் தோற்று, கடைசியில் போதைப்பொருள் விற்கப் போன ஒருவனின் கதையைப் பலரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவன்மேல் இரக்கம் குறைவாக இருந்தது யாருக்கு? முன்பு வேலையில்லாமல் இருந்து மீண்டவர்களுக்கு. இப்போதும் வேலையில்லாதவர்களும், வேலையில்லாமல் ஒருபோதும் இருந்திராதவர்களுமே அவன்மேல் கூடுதலாக இரங்கினார்கள். பட்டபோது எப்படி வலித்தது என்பது பின்னால் சரியாக நினைவுக்கு வருவதில்லை. தாண்டி வந்துவிட்டோம் என்பது மட்டும் பளிச்சென்று நிற்கிறது. 'நான் தாண்டினேனே, உனக்கு என்ன?' படித்ததும் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்த என்னையே யாரோ படம் பிடித்துக் காட்டியதுபோல் இருந்தது.

உனக்கு நடந்ததெல்லாம் அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆனது. ஏன் என்று அப்போது கோபப்பட்டேன். இப்போது கோபமில்லை.

நீ பக்குவப்பட வேண்டாம். இதிலிருந்து எதையாவது கற்றுக்கொண்டு காட்ட வேண்டும் என்ற கட்டாயமும் உனக்கு இல்லை, குறைந்தபட்சம் இந்த வீட்டில் இல்லை. அடுத்தவர் சிரித்தால் எரிச்சல் வருகிறது என்றால் வரட்டும். என்னிடம் வந்து திட்டு.

அப்புறம், அந்தப் பெண்ணின் பெயர் எத்தனை யோசித்தும் ஞாபகத்துக்கு வரவில்லை. ரெட்டைச் சடை, உன்னைவிடக் கொஞ்சம் உயரம். அவள் ஏன் பேசாமல் போனாள்? எத்தனை நாள் ஆயிற்று, பிறகு பேசினாளா? ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். முதலிலிருந்து சொல்.

அப்பா