குழந்தைகளைக் குளிப்பாட்டும் பாட்டி கோவில் சபையாருக்கு எழுதுவது

ரங்கூன், பெகு, மோல்மேன் வட்டாரத்துத் தமிழ்க் கோவில் சபையாருக்கு வணக்கம்.

எங்கள் ஊரில் பிறக்கிற குழந்தைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி விடுவது என் வேலை. முப்பது வருஷமாகச் செய்கிறேன். வெந்நீர் மேலே பட்டதும் ஆண் குழந்தை மூத்திரத்தைப் பீய்ச்சி அடிக்கும். என் புடவை நனையும், சில நாள் முகமும் நனையும். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள்.

என் மகள் வயிற்றுப் பேரன் ஒருநாளும் என்னை அப்படி நனைக்கவில்லை. அவனுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். முகம் சிவக்க முக்குவான். அடிவயிற்றைத் தடவினால் எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியாக ஒன்று கையில் தட்டும். வாயு என்று நினைத்து வசம்பு உரசிப் பூசினேன். இத்தனை குழந்தைகளைத் தொட்ட கை, என் வீட்டுப் பிள்ளைக்கு வந்ததை அறியவில்லை.

மூன்றாம் மாதம் காய்ச்சல் வந்தது. மருந்துக் கடையில் சிரப் கொடுத்தார்கள், விட்டது. இரண்டு வாரத்தில் திரும்பவும் வந்தது, திரும்பவும் சிரப். மூன்று தடவை இப்படியே போனது. யாரும் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லவில்லை. நாலாவது தடவை ரங்கூனில் ஒரு சயாமா (டாக்டரம்மா), "ஒன்றுக்குப் போகும்போது எப்படிப் போகிறான்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் அவனைக் காப்பாற்றியது.

சிறுநீர் வெளியே வரும் குழாயில் பிறவியிலேயே ஜவ்வு மாதிரி ஒரு அடைப்பு. ஆண் குழந்தைகளுக்கு மட்டும் வருவது. சிறுநீர் போக வழியில்லாமல் பின்னால் தேங்கி, மூத்திரப் பை தடித்து, இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருந்தன. முதலில் டியூப் வைத்து வடித்தார்கள். அப்புறம் அதே வழியில் கேமரா விட்டு அந்த ஜவ்வை வெட்டினார்கள். இப்போது அவனுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் போகிறான். ஆனாலும் கெட்டுப்போன அளவு கெட்டுப்போனதுதான். ரத்தமும் பிரஷரும் ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த அடைப்பு அபூர்வம். ஆனால் சிறுநீரகத்திலும் மூத்திரப் பாதையிலும் ஏதாவது ஒரு பிறவிக் குறை என்று எடுத்துக்கொண்டால், சுமார் 500 குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கிறது. ஒரே சிறுநீரகத்தோடு பிறப்பது, சிறுநீர் பையிலிருந்து மேலே திரும்பி ஏறுவது, சிறுநீரகம் வளராமல் சிறுத்துப்போவது, எல்லாம் இதில் அடக்கம். சின்ன வயதில் சிறுநீரகம் செயலிழந்துபோகும் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் இதுதான். எல்லாமே பயப்படும்படியானதும் இல்லை. கர்ப்பத்தில் ஸ்கேனில் குழந்தையின் சிறுநீரகத்தில் லேசான வீக்கம் தெரிந்தால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆனால் பிறந்தபிறகு திரும்ப ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தானே சரியானதா இல்லையா என்று தெரியும்? பிறந்து ஒன்றிரண்டு நாளுக்குள் பார்த்தால் வீக்கம் தெரியாமலே போகலாம். அதனால் பொதுவாக ஒரு வாரம் கழித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஆண் குழந்தைக்கு இரண்டு பக்கமும் வீங்கியிருந்தால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக்கூடாது.

தாய் கிரகணத்தில் வெளியே போனாள், அதனால் வந்தது என்று என் மகளிடமே சொன்னார்கள். அவள் அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை. தயவுசெய்து அந்தப் பேச்சைக் கோவில் வாசலிலேயே நிறுத்துங்கள். வேண்டுதல் வையுங்கள், மொட்டை போடுங்கள், நானும் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து போடலாம்.

ஐயா, திருவிழாக் காலத்தில் பெரியவர்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்க முகாம் வைக்கிறீர்கள். நல்ல காரியம். அதில் குழந்தைகளுக்கான சின்னப் பிரஷர் பட்டை ஒன்று வாங்கி வையுங்கள். பெரியவர் பட்டையைப் பிள்ளை கையில் சுற்றினால் அளவு தப்பாகக் காட்டும். அன்னதானப் பந்திக்கு முன்னால் இரண்டே வார்த்தை அறிவியுங்கள்: சளி இருமல் இல்லாமல் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், ஆன்டிபயாடிக் கொடுக்குமுன் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும், ஆண் குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாக வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வழிச்செலவு. வயலில் கூலி வேலை செய்கிற பெண் குழந்தையோடு ரங்கூன் போய் இரண்டு நாள் தங்க முடியாமல்தான் ஸ்கேனைத் தள்ளிப்போடுகிறாள். உண்டியல் பணத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்குங்கள். டாக்டரிடம் பர்மியமொழியில் தடங்கலில்லாமல் பேசத் தெரிந்த ஒருவரையும் கூடவே அனுப்புங்கள். எங்கள் பெண்கள் கேட்க நினைத்த கேள்வியைக் கேட்காமலே திரும்பி வருகிறார்கள்.

அடுத்த சபைக் கூட்டத்தில் இதைப் பேசிவிட்டு எனக்குச் சொல்லி அனுப்புங்கள். எந்த ஊர் என்றாலும் பஸ் ஏறி வருகிறேன். குளிப்பாட்டுகிற பாட்டிமாரை ஓரிடத்தில் கூட்டிவையுங்கள், எதைப் பார்க்க வேண்டும் என்று நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
பெகு வட்டாரத்து ஒரு பாட்டி