கண்ணீர் வந்தால் துன்பியலா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த நாடக விமர்சனம், 'அரங்கமே அழுதது. ஆகவே இது முழுமையான துன்பியல் நாடகம்' என்று முடிந்திருந்தது. நானும் அந்த நாடகத்தைப் பார்த்தவன்தான். கைக்குட்டை நனைந்தது உண்மை. ஆனால் அந்த 'ஆகவே' எனக்குச் செரிக்கவில்லை.

நாயகன் நல்லவன். நோய் வருகிறது, வேலை போகிறது, கடைசிக் காட்சியில் கண்ணை மூடுகிறான். எல்லாம் அவன் தலையில் வந்து விழுந்தவை. அழுகை பிறக்கும் களங்களாக இளிவு (இகழப்படுவது), இழவு (இழப்பு), அசைவு (தளர்ச்சி), வறுமை என்று நான்கைச் சொன்னார் தொல்காப்பியர். நான்கும் இந்த நாடகத்தில் இருக்கின்றன. அழுவதற்கு அது தாராளம். ஆனால் துன்பியலுக்கு, அதாவது டிராஜெடிக்கு, அது போதாது. வீழ்ச்சி நாயகன் தானே செய்ததிலிருந்து வர வேண்டும், அதை அவனே காணவும் வேண்டும்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியனைப் பாருங்கள். ஊடிப்போன தேவியைத் தணிக்கப் போகிற அவசரம். பொற்கொல்லன் சொன்னதைத் தீர விசாரிக்காமல், சிலம்பு கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று கொண்டுவரும்படி ஏவிவிடுகிறான். பிறகு வழக்கு மன்றத்தில், தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அவன் வாயே சொல்கிறது. கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கமும் அந்த வாயருகேதான் வந்து விழுகிறது. 'யானோ அரசன் யானே கள்வன்.' தான் செய்ததைத் தானே காணும் இந்தக் கணத்துக்கு ஈடாக விமர்சகர் புகழ்ந்த நாடகத்தில் என்ன இருக்கிறது?

சாவுகூடக் கட்டாயமில்லை. பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடிஸின் நாடகம் ஒன்றில், தம்பி என்று அறியாமல் அவனைப் பலிகொடுக்க இருந்த இபிஜினியா கடைசி நேரத்தில் அவனை அடையாளம் காண்கிறாள், இருவரும் தப்பிவிடுகிறார்கள். அந்த வகை அமைப்பை மிகச் சிறந்தது என்றே, துன்பியலுக்கு இலக்கணம் சொன்ன கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் ஓரிடத்தில் சொல்கிறார். 'துன்பியல்' என்ற நம் சொல்லுக்குள்ளேயே துன்பம் உட்கார்ந்திருப்பதால்தான் இத்தனை குழப்பமோ என்று எனக்கு ஓர் ஐயம்.

அரசன்தான் நாயகனாக வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. 1949-இல் அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் வயதான ஒரு விற்பனையாளனை அந்த இடத்தில் நிறுத்தினார். அவன் தன் பொய்க்கனவைக் கடைசிவரை கைவிடவில்லை. அது அவனே செய்துகொண்டது. கடைசியில் அவனுக்குத் தெளிவு வந்ததா என்பதில்தான் எனக்கு இன்னும் சந்தேகம்.

விமர்சகர் எனக்கு ஒன்று மட்டும் சொல்லட்டும். இரண்டாவது காட்சியிலேயே அந்த நாயகனின் நோய் குணமாகியிருந்தால் நாடகத்தில் மிச்சம் என்ன?

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்