தாய்ப்பங்கு அலுவலகத்து அக்காவுக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள பங்கு மக்களே, தாய்ப்பங்கு உறவுகளே,

நம் புதுக் கோவிலைக் கடவுளுக்கு அர்ப்பணிக்கும் நேர்ந்தளிப்பு முடிந்து இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. பீடத்தில் ஆயர் ஊற்றித் தேய்த்த கிறிஸ்மா என்னும் நறுமணத் திரு எண்ணெயின் மணம் கோவிலுக்குள் இன்னும் நிற்கிறது. சுவரில் அவர் பூசிய 12 சிலுவைகளையும் மறைக்கல்விப் பிள்ளைகள் தேடித் தேடி எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சூட்டோடு எழுதிவிடுவது நல்லது. ஆறப்போட்டால் நன்றி மடல் ஆண்டறிக்கையாகிவிடும், அதை வாசிக்க யாரும் வர மாட்டார்கள்.

திருப்பலிக்கு இருந்த கூடமும் கையை விட்டுப் போன அந்த மாதங்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. உடனிருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். "பேசாமல் பழைய பங்குக்கே போய்விடலாம்" என்ற பேச்சு எத்தனை வீடுகளில் ஓடியது என்பதும் தெரியும். அது போதும்.

நாம் பிரிந்து வந்த தாய்ப்பங்கின் அக்கா நமக்காக எழுதித் தந்த நோட்டுக்கு நேராக வருகிறேன்.

ஒரு பங்கை, அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கத்தோலிக்க மக்கள் சமூகத்தை, உருவாக்கும் அதிகாரம் மறைமாவட்ட ஆயருக்கு மட்டுமே உண்டு. குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்டபின் அவர் ஆணை பிறப்பிக்கிறார். முறைப்படி உருவான பங்கு உடனே சட்டத்தின் கண்ணில் தனி ஆள் ஆகிவிடும் என்கிறது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. நம் ஆணை வாசிக்கப்பட்ட அன்று நாம் கைதட்டினோம். சரி, கைதட்டி முடித்தபின் நம்மிடம் இருந்தது என்ன? ஓர் எல்லை, ஒரு பாதுகாவலர், ஒரு பங்குத்தந்தை. அப்புறம் திருமுழுக்கு, திருமணம், இறப்பு என்று அட்டையில் எழுதிய வெற்றுப் பதிவேடுகள்.

பழைய பதிவேடுகள் பிரிந்து வரும் பங்கோடு வருவதில்லை, தாய்ப்பங்கிலேயே இருக்கும். அதுதான் முறை. ஒருவர் எங்கே திருமுழுக்குப் பெற்றாரோ, அங்குள்ள பதிவின் ஓரத்தில்தான் அவருடைய உறுதிப்பூசுதல் (திருமுழுக்கை உறுதிப்படுத்தும் அருளடையாளம்), திருமணம், குருத்துவம், துறவற இறுதி வார்த்தைப்பாடு எல்லாம் குறிக்கப்பட வேண்டும். 1563-இல் ஆயர்கள் கூடிய திரிதெந்துப் பொதுச்சங்கம் பங்குத்தந்தையர் பதிவு வைத்தாக வேண்டும் என்று கட்டளையிட்டதிலிருந்து வளர்ந்து வந்த ஒழுங்கு இது. ஆனால் புதுப் பங்கின் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் நிலைமை வேறு. நம் மக்களைப் பற்றி நம்மிடம் ஒரு வரிகூட இல்லை.

அப்போதுதான் தாய்ப்பங்கு அலுவலகத்தில் பதிவேடு பார்க்கும் அக்கா ஒருநாள் மாலை வந்தார். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். நீள வாக்கில் கோடு போட்ட தடிமனான நோட்டு ஒன்றை மேசைமேல் வைத்தார். நம் எல்லைக்குள் வந்த ஒவ்வொரு குடும்பமும் அதில் தெருவாரியாக இருந்தது. யாருக்கு எந்த ஆண்டு திருமுழுக்கு, எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம், உறுதிப்பூசுதல் ஆயிற்றா, திருமணம் எங்கே என்று எல்லாம் கையெழுத்தில். யாரும் கேட்கவில்லை. தம் பங்குத்தந்தையிடம் மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு, வேலை முடிந்தபின் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

அதன் அருமை நம் முதல் திருமுழுக்கின்போதே தெரிந்தது. ஞானத்தந்தையாக நிற்க வந்தவருக்குத் தாம் எங்கே உறுதிப்பூசுதல் பெற்றோம் என்பது நினைவில்லை. உறுதிப்பூசுதல் பெறாதவர் ஞானப்பெற்றோராக நிற்க முடியாது. நோட்டைத் திறந்தால் ஆண்டும் பக்க எண்ணும் இருந்தன. தாய்ப்பங்குக்குத் தொலைபேசினோம், அன்றே சான்றிதழ் வந்தது. நம் வெற்றுப் பதிவேட்டின் முதல் வரி தடையில்லாமல் விழுந்தது.

ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த எண்கள் அல்ல, வலது ஓரத்தில் அக்கா பென்சிலால் எழுதியிருந்த குறிப்புகள். "காது மந்தம், கதவைப் பலமாகத் தட்டவும்." "ஆறு மணிக்கு மேல்தான் வீட்டில் இருப்பார்." "மாடி ஏற முடியாத பாட்டி, முதல் வெள்ளி நற்கருணை தவறக் கூடாது." இன்னொரு வீட்டுக்கு நேரே இப்படி இருந்தது: "இவரை வாசகம் வாசிக்கக் கூப்பிடுங்கள். தானாக வர மாட்டார், கேட்டால் மறுக்க மாட்டார்." போய்க் கேட்டோம். மறுக்கவில்லை. இப்போது வாசகர்களுக்குப் பயிற்சி கொடுப்பவரே அவர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கிருந்து தொடங்கியது என்பது மட்டும் இன்றுவரை தெரிந்திருக்காது, அவருக்கும்கூட.

நான்கு பேர் கண்ணில் படக் கூடாத விஷயங்களை அந்த நோட்டில் அவர் எழுதவே இல்லை. அவற்றைத் தனி உறையில் போட்டு ஒட்டிப் பங்குத்தந்தை கையில் கொடுத்தார். உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் அதற்குப் பிறகு ஃபாதர் சில வீடுகளுக்குத் தனியாகப் போய்வந்தார். கோவில் பக்கமே வராதிருந்த சிலர் பின்வரிசையில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

கூடம் போனபின் எல்லோரும் சிதறிவிடுவார்கள் என்று பயந்த நாட்களில், எந்தக் கதவைத் தட்டுவது என்று நமக்குச் சொன்னது அந்த நோட்டுதான். அன்பியம் அன்பியமாக, அதாவது பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு சிறு செபக் குழுக்களாகப் பிரிந்து, தெரு தெருவாக நடந்தோம். வீடுகளில் செபித்தோம், வீடுகளிலேயே பாடல் பழகினோம். ஆணை நமக்கு எல்லையைக் கொடுத்தது, அந்த எல்லைக்குள் யார் இருக்கிறார்கள் என்று சொன்னவர் அக்கா.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பங்கு பிரிவதில் தாய்ப்பங்குக்கு இழப்பு உண்டு. பாடகர்கள் போகிறார்கள், பீடச்சிறுவர்கள் போகிறார்கள், காணிக்கை குறைகிறது. அந்த நாட்களில் இரண்டு பக்கமும் முகம் கோணியது உண்மை. அப்படிப்பட்ட நேரத்தில், தம்மை விட்டுப் போகிறவர்களுக்காக ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். நன்றி சொன்னபோது, "எங்க பிள்ளைங்கதானே, ஒரு விவரமும் சொல்லாம அனுப்பிட முடியுமா?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் நற்கருணைப் பேழையையும் திருப்பலிப் புத்தகத்தையும் தந்து உதவிய தாய்ப்பங்குத் தந்தைக்கு, மழையில் நனைந்துகொண்டே நாற்காலி தூக்கிய இளைஞர்களுக்கு, மறைக்கல்வியை ஒரு ஞாயிறுகூட நிறுத்தாத அருள்சகோதரிகளுக்கு, ஒவ்வொரு ரசீதையும் இரண்டு முறை சரிபார்த்து நம் பொறுமையைச் சோதித்த நிதிக்குழுவுக்கு (சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் இருந்தாக வேண்டிய குழு அது, ஏன் இருக்க வேண்டும் என்று கட்டடக் கணக்கு முடிந்தபோது புரிந்தது), கத்தோலிக்கர் அல்லாதவராக இருந்தும் தம் வீட்டு முற்றத்தைத் திருப்பலிக்குத் திறந்துவிட்ட அண்டை வீட்டாருக்கு, கொத்தனார்கள், தச்சர்கள், மின்வேலை செய்தவர்கள் எல்லோருக்கும், நம்மைக் கைவிடாத ஆயருக்கு. நம் பங்குத்தந்தையைப் பற்றி எழுதினால் திட்டுவார், அதனால் இந்த அளவோடு விடுகிறேன்.

நேர்ந்தளிப்பு அன்று அக்கா வந்திருந்தார். புனிதர் மன்றாட்டு மாலை பாடியபோது கடைசி வரிசையில் நின்றிருந்தார். முன்னால் வரச் சொல்லி இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை. முடிந்ததும் என்னிடம் வந்து கேட்டது ஒன்றுதான்: "புது வீடுங்க நிறைய வந்திருக்கே, நோட்டுல ஏத்திட்டீங்களா?" ஏற்றவில்லை. கட்டடம் கட்டட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று எல்லோருமே இருந்துவிட்டோம்.

அதனால் நம் பங்குப் பேரவை இந்த வாரம் ஒரு முடிவு எடுத்திருக்கிறது. அந்த நோட்டு இனி நம் அலுவலகத்தில் தொடர்ந்து எழுதப்படும். தெற்கே நம் கிளைப்பங்கும் வேகமாக வளர்கிறது. அதற்கும் ஒருநாள் ஆயரின் ஆணை வரலாம். அன்று வெற்றுப் பதிவேடுகளை மட்டும் கொடுத்து அவர்களை அனுப்ப மாட்டோம். எண்களும் இருக்கும், பென்சில் குறிப்புகளும் இருக்கும், உறையும் இருக்கும்.

இதற்கு அன்பியத்துக்கு இரண்டு பேர் வேண்டும். கையெழுத்து அழகாக இருக்க வேண்டியதில்லை. வீடு வீடாக நடக்கத் தெம்பும், கேட்டதை வெளியே சொல்லாத வாயும் இருந்தால் போதும். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

நன்றியோடு,
பங்குப் பேரவைச் செயலர்