வண்டியின் அகலத்தையும் அளந்து பாருங்கள்: ஜி.எஸ்.டி. மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மன்றத்தின் தலைவரான ஒன்றிய நிதியமைச்சர் அவர்களுக்கும், உறுப்பினர்களான மாநில அமைச்சர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மதுரையில் மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் முப்பது வருடமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். ஷெட்டின் அகலம் 24 அடி. ஆரம்பத்தில் நான்கு கார்களை வரிசையாக நிறுத்தி, நான்கின் கதவையும் திறந்து வேலை பார்த்தோம். இப்போது மூன்றுதான் நிற்கிறது. சுவர் நகரவில்லை, வண்டிதான் வளர்ந்துவிட்டது. அது வளர்ந்த விதத்தில் உங்கள் வரி விதிக்கும் பங்கு இருப்பதால்தான் இந்த மடல்.

உங்கள் விதியிலிருந்தே தொடங்குகிறேன். 2006 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம், 4 மீட்டருக்கு மிகாத சிறிய கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். எஞ்சின் பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி.யைத் தாண்டக் கூடாது என்பது கூடுதல் நிபந்தனை. அந்த 4 மீட்டர் கோடு அப்படியே ஜி.எஸ்.டி.க்கும் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40.

கம்பெனிகள் இந்தக் கோட்டை எவ்வளவு கவனமாகப் பார்த்தன என்பதை நான் கண்ணால் கண்டேன். 2008-இல் டாடா, இண்டிகோ காரின் டிக்கியைக் குறுக்கி 4 மீட்டருக்குள் கொண்டுவந்தது. அப்புறம் வந்த ஸ்விஃப்ட் டிசையரிலும் அதே வேலை. பின்பக்கத்தை அரிவாளால் வெட்டின மாதிரி இருக்கிறதே என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள், வரிக்காகத்தான் சார் என்போம். விதி என்று ஒன்று இருந்தால் வண்டியின் உருவமே மாறும். எனக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

ஆனால் அந்த விதி நீளவாக்கில் மட்டும்தான் டேப் பிடித்தது. பக்கவாட்டில் யாரும் அளக்கவில்லை. வண்டி அந்தப் பக்கமாகப் பெருத்தது.

போன மாதம் என் ஷெட்டில் ஒரு பழைய மாருதி 800-ம், 4 மீட்டருக்குள் வரும், ஜீப் மாதிரி உயரமான ஒரு புது எஸ்.யூ.வி.யும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. டேப்பை எடுத்தேன். 800-இன் அகலம் 1.44 மீட்டர். எஸ்.யூ.வி. 1.79. இது ஏதோ ஒரு கம்பெனியின் கதை இல்லை. மாருதி பிரெஸ்ஸாவும் கியா சோனெட்டும் 1.79, டாடா நெக்ஸான் 1.8. நீளம் பார்த்தால் எல்லாமே 3.99-இல் வந்து நிற்கும். எடையில் 800 சுமார் 650 கிலோ. இந்த வண்டிகள் 1,100-ஐத் தாண்டும்.

அம்பாசடரை நினைத்துப் பாருங்கள். என் அப்பா காலத்தில் பெரிய வண்டி என்றால் அதுதான். கலெக்டர் வருவதும் அதில்தான், கல்யாண மாப்பிள்ளை வருவதும் அதில்தான். பின்சீட்டில் நான்கு பேர் உட்கார்ந்து போவோம். அதன் அகலம் 1.7 மீட்டருக்கும் குறைவு. இன்று உங்கள் பட்டியலில் ‘சிறிய கார்’ என்று 18 சதவீதத்தில் இருக்கும் வண்டி, அந்த அம்பாசடரைவிட அரைச் சாண் அகலம். அம்பாசடர் இன்று விற்பனைக்கு வந்தால், நீளம் 4.3 மீட்டர் என்பதால் 40 சதவீதம் கட்ட வேண்டும்!

தெருவில் இதன் கணக்கைச் சொல்கிறேன். எங்கள் சந்து 12 அடி, அதாவது 3.66 மீட்டர். இரண்டு 800 எதிரெதிரே வந்தால் இரண்டும் போக இரண்டரை அடி மிஞ்சும். சைக்கிள்காரர் ஓரமாக ஒதுங்கி நிற்கலாம். இரண்டு எஸ்.யூ.வி. வந்தால் மிஞ்சுவது மூன்று அங்குலம். கம்பெனி சொல்லும் அகலத்தில் சைடு மிரர் சேராது, அதையும் சேர்த்தால் அந்த மூன்று அங்குலமும் இல்லை. ஒருவர் முக்குவரை ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும். நடந்து போகிறவர் அடுத்தவர் வீட்டுப் படியில் ஏறி நிற்க வேண்டும். பூக்கூடையோடு வரும் அம்மாவும் அப்படித்தான்.

உயரம் இதைவிட என்னைப் பயமுறுத்துகிறது. அன்றைக்கு என் பேத்தி ஷெட்டுக்கு வந்திருந்தாள். நான்கு வயது. நின்றிருந்த வண்டிகளின் பானெட் முன்னால் அவளை நிற்கச் சொல்லிவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். 800-இல் உட்கார்ந்தபோது அவள் முகம் தெரிந்தது, கையை ஆட்டியதும் தெரிந்தது. எஸ்.யூ.வி.யில் உட்கார்ந்தபோது சிவப்பு ரிப்பன் மட்டும் தெரிந்தது. அவள் குனிந்து எதையோ எடுத்தாள், அதுவும் மறைந்துவிட்டது. எஞ்சின் ஓடவில்லை, சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அப்படியும் இறங்கி ஓடினேன்.

அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. பானெட்டின் முன் விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், தாழ்வான, சரிந்த முகப்புள்ள வண்டியைவிட நடந்துபோகிறவர் இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். 40 அங்குலம் என்பது ஒரு மீட்டர்தான். நான்கு வயதுப் பிள்ளையின் உயரமும் அவ்வளவுதான்.

வளர்ந்ததற்கு நியாயமான காரணங்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. 800-இல் ஏர்பேக் கிடையாது, கதவுத் தகரத்தை உள்ளங்கையால் அமுக்கலாம். விபத்தில் நசுங்கிய 800-களை நிமிர்த்திய கை இது, அதை உயர்த்திப் பேச மனம் வராது. கதவுக்குள் இரும்புக் கம்பி, கனமான தூண், ஏர்பேக் எல்லாம் வந்தால் கொஞ்சம் தடிக்கத்தான் செய்யும். மழைக்காலத்தில் நம் ரோட்டுக்கு உயரமான வண்டி வேண்டும் என்கிறவரும் பொய் சொல்லவில்லை. சரி, அதற்கு 35 சென்டிமீட்டர் வேண்டுமா?

வேண்டாம் என்பதற்கு ஜப்பானே ஆதாரம். அங்கே ‘கெய்’ என்று ஒரு சிறு கார் வகை உண்டு. 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், 660 சி.சி. என்று சட்டமே எல்லை வகுத்திருக்கிறது. அதற்குள் ஏர்பேக்கும் தானியங்கி பிரேக்கும் வைத்துத்தான் விற்கிறார்கள். அந்த நாட்டில் விற்கும் புதுக் கார்களில் மூன்றில் ஒன்று இந்த வகை. நம் மாருதி 800 பிறந்ததே அந்த வீட்டில்தான். 1983-இல் இங்கு வந்தது சுசுகியின் ஆல்டோ. ஜப்பானில் அன்றைய கெய் விதி இப்போதையதைவிடக் குறுகலான அகலத்தைத்தான் அனுமதித்தது, அதனால்தான் அந்த வண்டி ஒல்லியாக வந்தது. யாரோ ஒரு அதிகாரி குறுக்கே டேப் பிடித்த புண்ணியத்தில் நம் சந்துகளில் முப்பது வருடம் வண்டி ஓடியது.

உலகம் முழுக்க இதே கதைதான். 1959-இல் வந்த மினி 1.41 மீட்டர் அகலம், இன்றைய மினி 1.7-ஐத் தாண்டிவிட்டது. ஐரோப்பாவில் புதுக் கார்களின் சராசரி அகலம் இரண்டு வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கூடுகிறது என்று கணக்கு சொல்கிறார்கள். பாரிஸ் மக்கள் 2024 பிப்ரவரியில் வாக்களித்து, கனமான வெளியூர் வண்டிகளுக்குப் பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்காக்கினார்கள்.

நான் கேட்பது இதுதான். 18 சதவீதப் பட்டியலில் நீளத்தோடு 1.7 மீட்டர் அகலம் என்ற எல்லையையும் எழுதுங்கள். இந்த எண்ணை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. கெய்க்கு அடுத்த சிறிய கார் வகைக்கு ஜப்பான் வைத்திருக்கும் அகல எல்லை 1.7-தான். பானெட் உயரத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள். மின்சாரக் கார்களுக்கு எந்த அளவும் பார்க்காமல் 5 சதவீதம் என்றிருப்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஸ்விஃப்ட் மாதிரி நிறையப் பேர் வாங்கும் வண்டிகூட இன்று இந்த எல்லைக்கு வெளியே போகும், தெரிந்தே சொல்கிறேன். அதனால் நாளைக்கே வேண்டாம். நான்கைந்து வருடம் அவகாசம் கொடுங்கள். டிக்கியைக் குறுக்கத் தெரிந்தவர்களுக்கு இதுவும் முடியும்.

அளப்பது உங்களுக்குப் புதிதும் இல்லை. முன்பு எஸ்.யூ.வி.க்குச் செஸ் என்ற கூடுதல் வரி போட்டபோது தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளியையே 170 மில்லிமீட்டர் என்று விதியில் எழுதினீர்கள். அகலம் அதைவிடச் சுலபம், ஒரு ஆள் போதும்.

அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பும் முன், வாசலில் நிற்கும் உங்கள் வண்டியைக் குறுக்கே ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். அப்படியே அதன் பானெட் முன்னால் உங்கள் வீட்டுக் குழந்தையை நிறுத்திவிட்டு, டிரைவர் சீட்டில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு கார் மெக்கானிக்